பொதிகை மலை மிளகு: கிலோ விலையை விட லிட்டர் எடையைப் பாருங்கள்

பாபநாசம் தொடங்கி அம்பாசமுத்திரம், தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வரைக்கும் ‘மலை மிளகு’ என்று எழுதி வைத்து விற்கப்படும் நல்லமிளகைப் பற்றிய மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சரக்கு நல்ல சரக்குதான், வாங்கலாம். ஆனால் ‘மலை’ என்ற சொல்லுக்காகத் தனியாக 200 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. கூடுதல் காசுக்குத் தகுதி உள்ளவை இரண்டு: கனம், காய்ச்சல் (மணி நன்றாக உலர்ந்திருப்பது). இரண்டுமே கொடி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களின் கைவேலையில் வருபவை. அதைப் பார்த்து வாங்கினால்தான் நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு மலைக்குப் போகும். பார்க்காமல் வாங்கினால் அது கடைத்தெருவிலேயே நின்றுவிடும்.

கனத்தைப் பார்க்க மிஷின் எதுவும் வேண்டாம். சமையல் தராசும் 200 மில்லி டம்ளரும் போதும். மிளகைத் தளர்வாகக் கொட்டி, தட்டாமல் குலுக்காமல் விளிம்போடு வழித்துவிட்டு எடை போடுங்கள். 110 கிராம் நின்றால் வியாபாரத்தில் லிட்டருக்கு 550 கிராம் என்று சொல்லும் நல்ல தரம். 100 கிராம் என்றால் நடுத்தரம், வீட்டுச் சமையலுக்குக் குறையில்லை. 95-க்குக் கீழே இறங்கினால் உள்ளே பொக்கு, அதாவது உள்ளீடில்லாத மணி, இருக்கிறது. கொச்சியிலும் வாங்குகிறவர்கள் லிட்டர் எடை கேட்டுத்தான் விலை பேசுகிறார்கள். இங்கே சில்லறைக் கடையில் யாரும் கேட்பதில்லை, கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

காய்ச்சலுக்குப் பல்லே போதும். சரியாகக் காய்ந்த மிளகு கடித்தவுடன் ‘டக்’ என்று உடைந்து, உள்ளே வெளிறிய மாவுப் பகுதியும் நடுவில் சிறு குழியும் தெரியும். அமுங்கினாலோ, இரண்டாகப் பிளக்காமல் சப்பையாகப் போனாலோ ஈரம் இருக்கிறது. பாதுகாப்பான ஈரம் 11, 12 சதவீதம். 16 சதவீத ஈரத்தோடு ஒரு கிலோ வாங்கினால் அதில் உலர்ந்த பொருள் 840 கிராம்தான், 12 சதவீதமாக இருந்தால் 880 கிராம். அந்த 40 கிராம் நஷ்டம் சிறியது. பெரிய சங்கடம் அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிப்பது. முதலில் காம்பு ஒட்டியிருந்த இடத்தில் வெள்ளையாகப் படரும், பிறகு டப்பாவைத் திறந்ததும் மக்கிய வாடை வரும். அந்த மிளகை வறுத்து ரசத்தில் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

தண்ணீர்ச் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நல்ல மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். ஆனால் மிதப்பதெல்லாம் பப்பாளி விதை அல்ல. முற்றாத பொக்கு மிளகும் மிதக்கும். மிதந்ததை எடுத்து உடைத்து நாக்கில் வையுங்கள். பொக்கு மிளகில் கொஞ்சமாவது காரம் இருக்கும். பப்பாளி விதைக்கு அந்தக் காரம் கிடையாது, வடிவமும் உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். முதலாவது தரக்குறைவு, இரண்டாவது கலப்படம். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. அதேபோல் எண்ணெய் மினுமினுப்போடு இருக்கும் மிளகைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் வைத்துத் தேய்த்தால் கறை விழும். 2012 இறுதியில் கொச்சிக் கிடங்குகளில் இருந்த மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாக உணவுப் பாதுகாப்புத் துறை முத்திரை வைத்தது வியாபாரிகளுக்கு இன்றும் நினைவிருக்கும். நல்ல மிளகின் கருப்பு மங்கலான கருப்பு.

பொக்கு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்த வியாபாரமே அடங்கியிருக்கிறது. பொள்ளு வண்டு துளைத்த மணி உள்ளே வெறுமையாகிவிடும், அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் முந்திப் பறிப்பது. மலையோரத்தில் ஆடி, ஆவணியிலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு கொடியோடு விலை பேசிவிடுகிற வழக்கம் உண்டு. பள்ளிக்கூடச் செலவு, வைத்தியச் செலவு, கல்யாணச் செய்முறை எல்லாம் அறுப்பு வரைக்கும் காத்திருக்காது. கொடியைப் பேசி எடுத்தவருக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்ப வேண்டும். குரங்கும் மலை அணிலும் வேறு. அதனால் சரத்தில் ஒரு மணிகூடச் சிவக்காத போதே ஆள் விட்டுப் பறித்துவிடுகிறார்கள். சரத்தில் ஒன்றிரண்டு மணி ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ மாறிய பிறகு பறித்தால் 100 கிலோ பச்சை மிளகுக்கு 33 கிலோவை ஒட்டி உலர் மிளகு கிடைக்கும். முந்திப் பறித்தால் 25 கிலோவுக்கும் கீழே போகும், மணியும் சுருங்கிப்போகும். அந்த முன்பணத்தின் வட்டிதான் உங்கள் டம்ளரில் 92 கிராமாக நிற்கிறது.

கொடிக்காரர் வீட்டுக்கு இது எவ்வளவு வித்தியாசம் என்பதற்குக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். 60 கொடி, கொடிக்கு ஒரு கிலோ உலர் மிளகு. நன்றாகக் கவனித்த கொடி அதற்கு மேலும் கொடுக்கும், கவனிப்பில்லாதது அரைக் கிலோவோடு நின்றுவிடும். பச்சையாக 180 கிலோ. கிலோ 150 ரூபாய்க்குப் பச்சையாகவே கொடுத்தால் 27,000. காயவைத்து 60 கிலோவை 650-க்குக் கொடுத்தால் 39,000. பொக்கு, காம்பு, தூசி என்று 3 கிலோ கழித்து மீதி 57 கிலோவை 100 கிராம் பாக்கெட்டாக 100 ரூபாய்க்குத் தாங்களே விற்றால் 57,000. இதில் கவர், லேபிள், பஸ் கட்டணம், விற்காமல் திரும்பியது எல்லாம் கழிய வேண்டும். கழித்தாலும் பச்சையாக விற்றதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நிற்கும். கொடியும் மழையும் ஒன்றுதான். கூடுதலாகப் போனது வெந்நீர், நாலைந்து நாள் வெயில், சுளகு (முறம்) பிடிக்கும் கை. சுளகு பிடிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அந்தக் காசும் அவர்கள் கையில் நிற்கிற காசு.

அந்த வேலையைச் சரியாகச் செய்தவர்களை மிளகே காட்டிக்கொடுக்கும். பறித்த சரத்தை ஒரு நாள் குவித்து வைத்து உதிர்ப்பார்கள். காலால் மிதித்தும் உதிர்க்கலாம், சிறு மிஷினிலும் உதிர்க்கலாம். உதிர்த்த மணியை மூங்கில் கூடையில் போட்டுக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் தோல் ஒரே சீராகக் கருக்கும், தூசியும் கிருமியும் குறையும், காயும் நாளும் குறையும். இதில் தவறுவது நேரம். மூன்று நான்கு நிமிடம் விட்டுவிட்டால் தோலைக் கருக்க வைக்கும் நொதியே வெந்து செத்துவிடும், மிளகு கருக்காமல் பழுப்பாக நின்றுவிடும். ஒரே தண்ணீரில் பல கூடை முக்கினால் தண்ணீர் கலங்கி மணியில் மண் வாடை ஏறும். வெந்நீர் காட்டாமல் வெறும் வெயிலில் காயவைத்த மிளகில் கருப்பும் பழுப்பும் கலந்திருக்கும். அது குறைபாடு அல்ல, காரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாணி மெழுகிய தரை, தார் ரோடு இரண்டிலும் காயவைத்ததுதான் குறைபாடு. மிளகின் சுருக்கங்களில் மண் சிக்கிக்கொண்டால் எந்தச் சல்லடையாலும் எடுக்க முடியாது. கைப்பிடி மிளகை வெள்ளைத் துணியில் உருட்டிப் பாருங்கள், துணி சொல்லிவிடும்.

இனி எங்கே வாங்குவது.

பாபநாசத்துக்கு மேலே சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் காணிப் பழங்குடி மக்கள் மிளகு வளர்க்கிறார்கள். எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பவை. சோதனைச் சாவடியைத் தாண்டி நினைத்த நேரத்தில் போய் வாங்கிவர முடியாது, முயலவும் வேண்டாம். இஞ்சிக்குழி காரையாறு அணைக்கு அப்பால் இருக்கிறது, அணையைக் கடந்து மலையில் நடந்தால்தான் ஊர். அங்கிருந்து ஒரு மூட்டை மிளகு கீழே வருவதற்குள் எத்தனை கை மாறும், எவ்வளவு கூலி ஏறும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். எனவே விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் பக்கம் குடியிருப்புக்காரர்களோ மகளிர் குழுவோ நேரடியாகக் கொண்டுவந்து விற்கும் சரக்கு கண்ணில் பட்டால் அதற்குத்தான் முதலிடம் கொடுப்போம். மணி சிறியது, ஒரே அளவில் இருக்காது, நிறமும் கலந்திருக்கும். வாசனை நன்றாக இருக்கும். இடித்ததும் மூக்கில் ஏறுகிற அந்த முதல் நெடி பல பாக்கெட்டுகளில் கிடையாது. குறை என்றால் காய்ச்சல் சீராக இல்லாததும் காம்பு கலந்திருப்பதும். காட்டுக்குள் மார்கழி, தை மாதங்களில் வெயில் விழும் நேரம் குறைவு. வாங்கி வந்ததும் ஒரு நாள் முழு வெயிலில் உலர்த்தி, சுளகில் புடைத்துவிட்டால் குறை தீர்ந்துவிடும். இந்தக் குழுக்களுக்கு நாங்கள் சிபாரிசு செய்வது தார்ப்பாயும் ஈரமானியும். லேபிளில் யானைப் படம் போடுவதைவிட அந்த இரண்டுக்கும் செலவு செய்வது மேல்.

குற்றாலம் கடைத்தெருவைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டம் வருவது சாரல் காலத்தில், ஆனி தொடங்கி ஆவணி வரை. மிளகு அறுப்பு மார்கழி தொடங்கி மாசி, பங்குனி வரை. அருவியில் குளித்துவிட்டு நீங்கள் வாங்கும் ‘புது மிளகு’ புதுசாக இருக்க வழியே இல்லை. குறைந்தது இரண்டு மூன்று மாதச் சரக்கு. பழசாக இருப்பது தவறில்லை, நன்றாகக் காய்ந்த மிளகு ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் சாரலும் காற்றும் அடிக்கிற தெருவில் வாய் திறந்த சாக்கில் வைத்தால் காய்ந்த மிளகும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எடை தானாகக் கூடும். சாக்கில் மேலே இருப்பதை வாங்காதீர்கள். மூடிய டின்னிலிருந்தோ சாக்கின் அடியிலிருந்தோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, ‘குற்றாலம் மலையில் விளைந்தது’ என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. புளியரைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு, புனலூர் என்று மிளகு விளையும் சீமை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்த மிளகு மட்டமில்லை, பல சமயம் மேலாகவே இருக்கும். ஊர்ப் பெயருக்குக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

செங்கோட்டைப் பக்கத்து மலைச்சரக்குக் கடைகளில் விலை குற்றாலத்தைவிட நியாயம், சரக்கும் வேகமாக விற்றுத் தீர்கிறது. கேரள எல்லையை ஒட்டிய ‘பார்டர்’ ஓட்டல்களின் கோழி மிளகுக்கே தினமும் நிறைய ஓடுமே! இங்கே கேட்க வேண்டியது ‘தரம் பிரித்ததா, பிரிக்காததா?’ என்பது. பிரிக்காததை வாங்கிப் புடைத்துக்கொள்வதே வீட்டுக்கு லாபம். பெரிய மணி என்று தனியாக வைத்திருப்பது 4.25, 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற சரக்கு. ஏற்றுமதியில் தலச்சேரிப் பெயரில் போகும் அளவுகள் இவை. பார்வைக்கு அழகு, விலையும் அதிகம். ஆனால் மணியின் பருமனும் காரமும் ஒன்றல்ல. பருமனான பன்னியூர்-1 ரகத்தில் காரம் தரும் பைப்பரின் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கொட்டநாடன் ரகத்தில் 6 சதவீதத்துக்கு மேல் போகும். இடித்துப் போடப்போகிற மிளகுக்கு அழகு எதற்கு?

நெல்லை டவுன் மளிகை மொத்தக் கடைகள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுத்தமான, காய்ந்த, லிட்டர் எடை சரியாக உள்ள சரக்கு கிடைக்கும். எந்த மலை, எந்த நாடு என்று கேட்டால் பதில் வராது. வியட்நாம், இலங்கை மிளகும் இந்தியச் சந்தைக்கு வருகிறது. 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் இறக்குமதி செய்யக்கூடாது என்று மத்திய அரசு வரம்பு வைத்ததே அந்த வரத்தைத் தடுக்கத்தான். பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தைப் பக்கம் வருகிறவர்கள் மலையோரக் குழுக்களின் மிளகு வந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, இல்லையென்றால் டவுனுக்குப் போகலாம். கம்பெனிப் பாக்கெட் மிளகைப் பொறுத்தவரை முழு மிளகு பரவாயில்லை, பொடி வேண்டாம். அரைக்கும் சூட்டிலும் பிறகு அலமாரியில் கிடக்கும் மாதங்களிலும் வாசனை எண்ணெய் பறந்துவிடும். காரம் மட்டும் மிஞ்சும்.

விலை விஷயத்தில் வருஷத்துக்கு வருஷம் மனக்கணக்கு வைத்துக்கொள்ள முடியாத சரக்கு இது. 2015 வாக்கில் கிலோ 650, 700 என்று நின்றது 2020-ல் 300-ஐ ஒட்டி இறங்கியது. 2024-ல் மறுபடி 600-ஐத் தாண்டியது, 2025-லும் 650-ஐ ஒட்டியும் மேலேயும் ஓடியது. இறங்கிய ஆண்டுகளில் பறிகூலி கொடுத்தால் மிச்சமில்லை என்று சரத்தைக் கொடியிலேயே விட்டவர்களும் உண்டு. ஆனால் கூலிக்கு ஆள் வைக்காமல் வீட்டு ஆட்களே ஒற்றை மூங்கிலில் ஏறிப் பறிக்கும் குடும்பங்களுக்கு மிளகு ஒரு சேமிப்பு. 12 சதவீதத்துக்குக் கீழே காயவைத்து, உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கில், தரையில் படாமல் பலகை மேல் வைத்தால் விலை ஏறும் வரை வைத்திருந்து, வைகாசியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது 10 கிலோ, ஐப்பசியில் தீபாவளிக்கு 10 கிலோ என்று எடுத்து விற்கலாம். வாழைக்கோ மரச்சீனிக்கோ அந்தப் பொறுமை கிடையாது, வெட்டிய வாரமே விற்றாக வேண்டும். காயவைக்கத் தெரியாத வீட்டில் மிளகும் வாழை மாதிரி ஆகிவிடுகிறது: கிடைத்த விலைக்கு உடனே தள்ள வேண்டிய பண்டம்.

வரி பற்றியும் குழப்பம் வேண்டாம். விவசாயி தான் விளைவித்ததை, பச்சையானாலும் உலர்ந்ததானாலும், தானே விற்றால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 டிசம்பர் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் தெளிவாக்கப்பட்டது. கடையில் வாங்கும் உலர் மிளகுக்கு 5 சதவீதம். பாக்கெட்டாக வாங்கினால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், நிகர எடை, பாக்கெட் போட்ட தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். ‘ஆர்கானிக்’ என்று கடையில் விற்கும் பாக்கெட்டில் அச்சடித்திருந்தால் ‘ஜைவிக் பாரத்’ என்ற அரசு முத்திரையும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத ‘ஆர்கானிக்’ வெறும் மை. குழுக்களின் பாக்கெட்டில் பெரும்பாலும் அறுத்த மாதம் போடுவதில்லை. பாக்கெட் போட்ட தேதியை வைத்துக்கொண்டு மிளகின் வயதைச் சொல்ல முடியாது. அறுத்த மாதத்தைப் போட்டால் முதலில் எங்களிடமே கூடுதல் 50 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம்.

மிளகை விட்டால் கொடியிலிருந்து வரும் மற்ற இரண்டில் பச்சை மிளகு கட்டாயம் வாங்க வேண்டியது. கார்த்திகை, மார்கழியில் சில வாரம்தான் கீழே வரும். சரத்தோடு எலுமிச்சைச் சாறிலும் உப்பிலும் ஊறப்போட்டால் பழைய சோற்றுக்கு வேறு எதுவும் தேவையில்லை. மணியை நகத்தால் கீறினால் கீற வேண்டும். உள்ளே கொட்டை இறுகிவிட்டால் ஊறுகாய்க்கு ஆகாது. வெள்ளை மிளகு, நன்றாகப் பழுத்த மணியை ஒரு வாரம் பத்து நாள் ஊறவைத்துத் தோல் நீக்கியது. தண்ணீரைத் தினமும் மாற்றாவிட்டால் நாற்றம் பிடித்துவிடும், அந்த நாற்றம் சமைத்தாலும் போகாது. மலையோரத்தில் கிடைக்கும் வெள்ளை மிளகில் இந்தக் கோளாறு அடிக்கடி இருக்கிறது. முகர்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். நம் சமையலுக்கு அது அவ்வளவாகத் தேவையும் இல்லை.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 100 முதல் 150 கிராம் என்று வைத்தால் ஆண்டுக்கு ஒன்றரைக் கிலோ போதும். வீட்டில் பிரசவம் இருந்தால் மருந்துக்குக் கால் கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். பங்குனியில் மொத்தமாக வாங்குங்கள். அறுப்பு முடிந்து புதுச் சரக்கு கீழே இறங்கியிருக்கும், உலர்த்த நல்ல வெயிலும் இருக்கும். ஒரு நாள் வெயிலில் போட்டு, சூடு ஆறிய பிறகு கண்ணாடி ஜாடியிலோ எவர்சில்வர் டப்பாவிலோ அடைத்துவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்க்கும். புரட்டாசி முடிவில், அடைமழைக்கு முன் இன்னொரு வெயில் காட்டினால் அடுத்த பங்குனி வரை கவலையில்லை. இடிப்பதை மட்டும் அன்றன்றைக்கு இடித்துக்கொள்ளுங்கள்.